பொறி எந்தப் பக்கம் விழுது

உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. கதிரேசன் ஆசாரி டவுனுக்கு எஃகு வாங்கப் போயிருக்கான், வந்துருவான். அதுவரைக்கும் பட்டறையைப் பாத்துக்கச் சொல்லி என்னைய உக்கார வச்சிருக்கான். எனக்கு இந்த ஊருதான், பேரு வீரணன். நீங்க சினிமாக் கம்பெனில இருந்து வர்றீங்கன்னு சொன்னான். பழைய காலத்துப் படம் எடுக்குறீங்க, அதுக்குத் துப்பாக்கி செய்யணும், பூட்டு வாங்க வந்திருக்கீங்க. சரிதானே?

நல்லவேளை, நான் இருக்கும்போது வந்தீங்க. இந்தப் பட்டறையில இருந்து ஒரு பூட்டு வெளிய போகணும்னா நான் பாத்துப் பாஸ் போடணும். அப்படி ஒண்ணும் சட்டமில்ல. ஆனா ஆசாரியே நாலு பேரு முன்னாடி சொல்லியிருக்கான், அண்ணன் கண்ணுல படாம எதுவும் போகாதுன்னு.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். துப்பாக்கிக்கு உசிரு பூட்டுலதான் இருக்கு. பூட்டுன்னா இந்தா, இந்தத் தகடும் அதுல பூட்டியிருக்கிற சாமானும். இதுக்குக் குதிரைன்னு பேரு. வாயில சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கிட்டு நிக்குதா? விசையை இழுத்தா குதிரை பாஞ்சு எதுத்தாப்புல இருக்கிற எஃகுத் தட்டுல அடிக்கும். தட்டு முன்னுக்குச் சாயும், அதுக்குக் கீழ இந்தக் கிண்ணி தொறக்கும், பொறி கிண்ணிக்குள்ள விழும், கிண்ணியில இருக்கிற மருந்து பத்தும். அந்த நெருப்பு ஒரு ஓட்டை வழியா குழாய்க்குள்ள போய் வெடிக்கும். எல்லாம் கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள நடந்து முடிஞ்சிரும். கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ளன்னு சொன்னது ஒரு பேச்சுக்கு. நான் கண்ணை மூட மாட்டேன்.

எனக்கு எப்படி இந்த வித்தைன்னு கேப்பீங்க. நான் பால் சொசைட்டியில டெஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். என்னைய ஏமாத்தி ஒரு சொட்டுத் தண்ணி கலக்க முடியாது. மாட்டைக் குளிப்பாட்டுன கையோட கறந்தாக்கூடச் சொல்லிருவேன். குறை கண்டுபிடிக்கிறதுன்னு ஒரு கண்ணு இருக்கு தம்பி, அது அமைஞ்சவனுக்குப் பாலும் ஒண்ணுதான் எஃகும் ஒண்ணுதான்.

ஆனா இந்தப் பூட்டு விஷயத்துல நான் எறங்குனதுக்குக் காரணம் மாயழகு. எம் பங்காளி, எனக்கு மகன் முறை. ரோட்டு மேல டீக்கடைக்கு எதுக்க ஒரு மாடி வீடு பாத்திருப்பீங்க, பச்சைப் பெயிண்டு. அது அவன் வீடுதான்.

எங்க அம்மன் விஜயதசமி அன்னைக்குப் பாரிவேட்டைக்குப் போவா. ஊருக்கு வெளிய பொட்டல்ல வாழைமரம் நட்டு வச்சிருக்கும். அம்மனுக்கு முன்னாடி நின்னு ஒரு ஆளு வாழையைப் பாத்துத் துப்பாக்கி வெடிக்கணும். வெறும் மருந்துதான், குண்டெல்லாம் கிடையாது. லைசென்ஸும் கோயில் பேர்ல இருக்கு. சத்தம் கேட்டாத்தான் அம்மன் வேட்டை முடிச்சுத் திரும்புவா, இல்லேன்னா அங்கனயே நிப்பா. அதுவும் பழைய காலத்து மாதிரி கல்லுப் பூட்டாத்தான் இருக்கணும், தீப்பெட்டி, கேப்பு எதுவும் ஆகாது. வெடிக்கிற ஆளுக்கு முதல் பரிவட்டம். அந்த உரிமை எங்க வீட்டுக்கு. எங்கப்பா வெடிச்சாரு, அதுக்கப்புறம் எங்கண்ணன் வெடிச்சாரு. அண்ணன் இருக்கும்போது நான் கூட்டத்துல கடைசியா நிப்பேன். பயந்துக்கிட்டு இல்ல. தூரத்துல நின்னாத்தான் முழுசாப் பாக்க முடியும்.

அண்ணன் தவறிட்டாரு. மொத வருஷம் நான் வெடிக்கணும். பரிவட்டம் கட்டுனாங்க, மாலை போட்டாங்க, துப்பாக்கியைக் கையில குடுத்தாங்க. மேளம் நின்னுருச்சு. ஊரே காதைப் பொத்திக்கிட்டு நிக்குது. நான் தூக்குனேன், இழுத்தேன். டொக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் மருந்து வச்சுக் குடுத்தாங்க, மறுபடியும் டொக்கு. அதுக்கு மேல மழை வேற தூற ஆரம்பிச்சிருச்சு. அம்மன் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறா. அப்ப என்ன நடந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? இந்த மாயழகு, மடியில வச்சிருந்த தீவாளி அணுகுண்டு ஒண்ணை எடுத்துப் பத்த வச்சு வாழை மரத்தடியில போட்டான். வெடிச்சிருச்சு. சத்தம் கேட்டிருச்சேன்னு பூசாரியும் அம்மனைத் திருப்பிட்டாரு.

பரிவட்டத்தோட நான் நிக்கிறேன் தம்பி, துப்பாக்கியை வச்சுக்கிட்டு. எங்க போய் மூஞ்சியை வைக்கிறது?

காரணம் பூட்டு. அதுல சந்தேகமே வேணாம். எங்க தாத்தா காலத்துப் பூட்டு, உள்ள இருக்கிற வில்லு, அதான் ஸ்பிரிங்கு, செத்துப் போச்சு. ஆனா ஊர்ல என்ன சொன்னானுங்க தெரியுமா? நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, கழுத்தைத் திருப்பிக்கிட்டு இழுத்தேனாம். அதுல துப்பாக்கி சாஞ்சு கிண்ணியில இருந்த மருந்து கீழ கொட்டிருச்சாம். டீக்கடையில மாயழகு நடிச்சே காட்டுனான். கசாயம் குடிக்கிற புள்ள மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு, குடையைத் துப்பாக்கியாப் புடிச்சுக்கிட்டு. அத்தனை பேரும் சிரிக்கிறான். நான் போனப்புறமும் நிறுத்தலை.

கண்ணுல தூறல் விழுந்துச்சு. அதுக்கு மூடுனேன். மொத தடவை மூடும்போது மழை இல்லையேன்னு கேட்டான் ஒருத்தன். மழை வர்றதுக்கு முன்னாடி காத்து வரும்ல, அதுல தூசி இருக்கும்ல? எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், கேக்குறவனுக்கு மனசு வேணும்.

ஊர்க் கூட்டம் போட்டாங்க. பழைய துப்பாக்கியில குழாயும் விரிசல் விட்டிருச்சு, அதனால புதுசு செய்யுறதுன்னு முடிவு. அதோட இன்னொரு முடிவும் எடுத்தாங்க. அடுத்த வருஷமும் வெடிக்கலைன்னா வெடிக்கிற உரிமை மாயழகு வீட்டுக்குப் போயிரும். எங்கப்பா, எங்கண்ணன், அதுக்கப்புறம் ஒரு அணுகுண்டு.  சோறு எறங்கலை. ஒரு நாள் எம் பொண்டாட்டி பூமயிலுகிட்டச் சொல்லிட்டேன், பேசாம நானே மாயழகுகிட்டக் குடுத்துர்றேன்னு. அவங்களா புடுங்குறதுக்கு நாமளாக் குடுத்துட்டா கௌரவமாவது மிஞ்சும்.

அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. குடுக்கிறதுன்னா குடுங்க, ஆனா புதுப் பூட்டைப் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டுக் குடுங்கன்னா. "டெஸ்டரா இருந்தவரு நீங்க. அந்த ஆசாரித் தம்பி என்னத்தையாவது செஞ்சு தள்ளிவிட்டுட்டா? ஊருக்கு ஒரு பூட்டு போகுது, நீங்க பாக்காம போகலாமா?"

அவ சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. மறுநாளே அவளே ஆசாரியப் போய்ப் பாத்துச் சொல்லிட்டு வந்துட்டா. சாயங்காலம் பூட்டு வீட்டுக்கு வந்துருச்சு.

நான் விடலை தம்பி. தகட்டைக் கண்ணாடி மேல வச்சுப் பாத்தேன், ஆடுதான்னு. ஆடலை. வார்ப்புல காத்து புகுந்து ஊசி ஓட்டை விழுந்திருக்கான்னு வெயில்ல காட்டிப் பாத்தேன். எஃகுத் தட்டுல அரத்தை வச்சு இழுத்தேன். அரம் வழுக்கிக்கிட்டுப் போகணும், கடிச்சா தட்டு பதம் பத்தலைன்னு அர்த்தம், பொறி வராது. வழுக்குச்சு. கிண்ணிக்கும் தட்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுதான்னு பாத்தேன், தெரிஞ்சா மருந்து ஒழுகிரும். குதிரையைப் பாதி தூக்கி நிறுத்தி விசையை அமுக்குனேன். பாதியில நிக்கும்போது பாயக் கூடாது, பாஞ்சா ஆளுக்கு ஆபத்து. பாயலை. எல்லாம் சரியா இருக்கு, பாஸுன்னு சொல்லிட்டு எந்திரிச்சேன்.

"முழுசாத் தூக்கி இழுத்துப் பாக்கலையே"ன்னா பூமயிலு.

அது வெடிக்கிறவன் வேலை, டெஸ்டர் வேலை இல்லைன்னு சொன்னேன். பாலைக் குடிச்சுப் பாக்காமயா பாஸ் போட்டீங்கன்னு கேக்குறா. குடிச்சுப் பாக்க மாட்டோம், அதுக்குக் கருவி இருக்கு. ஆனா அதை அவளுக்கு வெளக்கி முடியாது. சரின்னு குதிரையை முழுசாத் தூக்கி இழுத்தேன். டக்குன்னு அடிச்சுது.

"பொறி வந்துச்சா?"

"வந்துச்சு."

"எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

எந்தப் பக்கம்னா? பொறி, பொறிதான். அவ சொல்றா, பொறி கிண்ணிக்குள்ள விழுதா வெளிய சிதறுதான்னு பாக்கணுமாம். அதுல ஏதோ குறை இருக்குன்னு ஆசாரிக்கே சந்தேகமாம், அவன் கண்ணுக்குப் பிடிபடலையாம், வீரணன் அண்ணனாலதான் முடியும்னு சொல்லி விட்டிருக்கான். எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு, இது லேசுப்பட்ட குறை இல்லைன்னு. பாயுற அந்த ஒரு நொடியில, கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டு, கிட்ட இருந்து பாத்தாத்தான் தெரியும். அந்த நொடியில என் கண்ணு வேற, பழைய தூசி ஞாபகமோ என்னவோ, தானா மூடிக்குது.

அதனால தெனமும் காலையில ஒக்காந்து இழுத்தேன். இழுக்குறது, தூக்குறது, இழுக்குறது. பூமயிலு எதுத்தாப்புல வந்து உக்காந்துக்குவா. ஒரு விஷயம் சொல்றேன், சிரிக்காதீங்க. அவ பூட்டைப் பாக்க மாட்டா. என் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டே இருப்பா. கல்யாணம் ஆன புதுசுலகூட இப்படிப் பாத்தது கிடையாது. ஒரு வேலையில ஆம்பள மூழ்கி இருக்கும்போது ஒரு களை வரும்போல. நானும் கொஞ்சம் நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு உக்காந்தேன்.

ஒரு நாள் பாத்துட்டேன். பொறி கிண்ணிக்கு வெளிய, வலது பக்கமாச் சிதறுது. கல்லு கோணலா உக்காந்து தட்டுல ஒரு ஓரத்துல மட்டும் அடிக்குது. எந்திரிச்சுச் சட்டையை மாட்டிக்கிட்டு, சட்டை ஏற்கனவே போட்டிருந்தேன், நேரா இந்தப் பட்டறைக்கு வந்து ஆசாரியை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். அவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "உங்க கண்ணுக்குத் தப்புமாண்ணே"ன்னான். வீட்டுக்குப் போய்ச் சொன்னா பூமயிலு எனக்குக் கேசரி கிண்டிக் குடுக்குறா.

ஆசாரி நல்லவன், வேலைக்காரன், ஆனா கவனம் பத்தாது தம்பி. உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன். அதைச் சரி பண்ணிக் கொண்டாந்தான், இன்னொரு குறையோட. குதிரை பாயும்போது எங்கயோ ஒரு இழுவை இருக்கு, அது கன்னத்துக்குப் பக்கத்துல வச்சு இழுத்தாத்தான் தெரியுமாம். அதுக்காகப் பூட்டை ஒரு கட்டையில பதிச்சு, துப்பாக்கி மாதிரித் தோள்ல சாத்திப் பாக்குற வசதியோட கொண்டாந்திருந்தான். அதையும் கண்டுபிடிச்சேன். உள்ள ஒரு திருகாணி ரொம்ப இறுகிக் கெடந்துச்சு. அதை முடிச்சா, அடுத்தது கிண்ணியில மருந்து பத்துறதுல தாமதம். துளி மருந்து வச்சுப் பாக்கணும். பொசுக்குன்னு கண்ணுக்கு முன்னாடி எரியும். மொத ரெண்டு மூணு நாளு கட்டையே கையில இருந்து நழுவுச்சு. கட்டை வழுவழுப்பு, ஆசாரி சரியாத் தேய்க்கலை, அதையும் குறையில சேத்தேன்.

இதுல வேடிக்கை என்னன்னா, குறையை நான் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே பூமயிலுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு நாள் போன்ல ஆசாரிகிட்டப் பேசிக்கிட்டு இருக்கா. "பாதி சரியாயிருச்சு தம்பி, இன்னும் கொஞ்சம் இருக்கு. அந்த மருந்தைத் துளி கூட்டிக் குடுங்க"ன்னு. நான் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு டெஸ்டரோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்துனவ, அந்தக் கண்ணு அவளுக்கும் வந்திருக்கு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. சொல்லிக்கலை, சொன்னா தலைக்கு மேல ஏறிக்குவா.

பொரட்டாசி வந்துருச்சு. ஒரு நாள் காலையில வழக்கம்போல மருந்து வச்சு இழுத்தேன், எரிஞ்சுது, கட்டையை எறக்குனேன். பூமயிலு கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்துட்டு, இன்னொரு தடவைன்னா. இழுத்தேன். போதுங்க, எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்லிட்டு எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. எனக்குக் கோவம் வந்துருச்சு. பாஸ் போடுறது நானா அவளா? அப்புறம் நானும் ஒரு தடவை பாத்துட்டு, சரி பாஸுன்னு சத்தமாச் சொன்னேன், அடுப்படிக்குக் கேக்குற மாதிரி.

விஜயதசமி அன்னைக்குப் பொட்டல்ல சுத்துப்பட்டு ஊரெல்லாம் கூடிருச்சு. டொக்கு பாக்க வந்த கூட்டம்தான் பாதி. மாயழகு முன்வரிசையில நிக்கிறான். மடி புடைச்சிருந்துச்சு, என்ன வச்சிருந்தான்னு சொல்ல வேண்டியதில்ல. பரிவட்டம் கட்டுனாங்க. எங்கண்ணன் நெனப்பு வந்துருச்சு தம்பி. பரிவட்டம் கட்டும்போது அவரு குனிஞ்சு நிப்பாரு, பெரிய உருவம், பூசாரிக்கு எட்டாது. என்கிட்ட பூசாரிதான் குனிஞ்சாரு. அப்ப உள்ளங்கையை வேட்டியில ரெண்டு தடவை தொடச்சுக்கிட்டேன். அது அண்ணன் நெனப்புலதான், வேற ஒண்ணுமில்ல.

துப்பாக்கியைத் தோள்ல சாத்துனேன். மேளம் நின்னுச்சு. அந்த நேரத்துல எனக்கு ஒரே ஒரு யோசனைதான். அம்மனா, பரிவட்டமா, மாயழகா, ஒண்ணும் ஞாபகமில்ல. பொறி எந்தப் பக்கம் விழுதுன்னு பாக்கணும், இந்த ஆசாரியை நம்ப முடியாது. இழுத்தேன். எல்லாரும் கண்ணையும் காதையும் மூடிக்கிட்டாங்க, நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன். பொறி அத்தனையும் நடுக் கிண்ணியில, ஒண்ணுகூட வெளிய சிதறலை. அப்புறம்தான் வெடிச்சுது. பொட்டல் அதிர்ந்து, புளியமரத்துல இருந்த காக்கா அத்தனையும் கெளம்பிருச்சு.

குலவைச் சத்தம் காதைப் பொளக்குது. ஆசாரி கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு ஓடி வந்து, "அண்ணே, பாஸா?"ன்னான். "பாஸுடா"ன்னேன். அவன் என்னைய அப்படியே கட்டிப் பிடிச்சுக்கிட்டான். அவனுக்கு அவ்வளவு சந்தோசம், பூட்டு தேறிருச்சுன்னு. திரும்பிப் பாத்தா பூமயிலு முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிட்டு நிக்கிறா. மருந்துப் புகை அவளுக்கு ஒத்துக்காது, முன்னாடியே தள்ளி நில்லுன்னு சொல்லியிருந்தேன், கேக்கலை.

மாயழகு வந்து எங்கிட்டத் திருநீறு வாங்கிக்கிட்டான். வெடிச்சவன் கையால வாங்கித்தானே ஆகணும். "சித்தப்பா, கண்ணைச் சிமிட்டவே இல்லையே"ன்னான். கண்ணைச் சிமிட்டுனா குறையை எப்படிடா பாக்குறதுன்னு கேட்டேன். 

இப்பப் பாருங்க, அதுக்கப்புறம் ஆசாரி எத்தனையோ பூட்டு செஞ்சுட்டான். ஒண்ணுலயும் குறை கிடையாது. தேடித் தேடிப் பாக்குறேன், ஊசி ஓட்டைகூட இல்ல. அந்த ஒரு பூட்டுல மட்டும் அத்தனை குறை வச்சிருந்தான். நான் போட்ட போடுல திருந்திட்டான்.

அதோ வெளிய நிக்குதே நீலக் கலர் ஸ்கூட்டி, நம்மளுதுதான். எனக்கு இந்த ரெண்டு சக்கரம் ஆகாது. அது பயமில்ல, ஒரு கொள்கை. எங்க போனாலும் பஸ்ஸு, இல்லேன்னா நடை. ஆனா எம் மச்சினன் இதைக் கொண்டாந்து வீட்டுல விட்டுட்டுப் போயிருக்கான். எங்கயோ ஒரு சத்தம் வருதாம், எந்த மெக்கானிக்காலயும் கண்டுபிடிக்க முடியலையாம். அதுவும் ஓட்டும்போது மட்டும்தான் வருமாம். பூமயிலு சொன்னா, நீங்க பாத்தா தெரிஞ்சிரும்னு.

மொதல்ல வாசல்லயே உருட்டிப் பாத்தேன். அப்புறம் கோயில் வரைக்கும். போன வாரம் மெயின் ரோட்டுல போய் லாரிக்குப் பக்கத்துலயே ஓட்டிப் பாத்துட்டேன், சத்தம் கேக்கலை. இப்ப என்னடான்னா, பின்னாடி கனம் இருந்தாத்தான் கேக்கும்னு அவளுக்குத் தோணுதாம். நாளைக்கு அவளும் ஏறி உக்காந்துக்கிறாளாம். மக வீடு வரைக்கும் போய்ப் பேரனைப் பாத்துட்டுத் திரும்பி வந்தா ஒரு முடிவு தெரிஞ்சிரும்கிறா.

தெரிஞ்சிரும் தம்பி. இருக்குற குறை எங்க போயிரும்? அந்தா ஆசாரி வந்துட்டான் பாருங்க. நீங்க எடுக்கப் போற பூட்டை மொதல்ல என்கிட்டக் குடுக்கச் சொல்லுங்க.